மேட்டின் மேல் புளியோதரை: வாசகர் கேள்விகள்

வெளிநாட்டில் பார்த்த மறக்க முடியாத கட்டடம் எது என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். செக் நாட்டில் பிர்னோ நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, காட்டில் ஒரு மேட்டில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம், அப்புறம்தான் அது மேடு இல்லை, 1938க்கு முன்னால் தொடங்கிய ராணுவ வேலையில் கட்டிய பங்கர் என்று தெரிந்தது என நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ஆகவே இந்த மாதம் முழுக்க அந்த மேடுதான். வீட்டு விரிசல், தண்ணீர்த் தொட்டிக் கசிவு பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். விரிசல் எங்கேயும் ஓடிவிடாது.

முப்பது வருடம் கான்கிரீட்டோடு குடும்பம் நடத்தியவர் நீங்கள். உட்கார்ந்திருப்பது கான்கிரீட் மேலே என்றுகூடவா தெரியவில்லை? (விருதுநகர் வாசகர்)

தெரியவில்லை ஐயா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

தென் மொராவியாவில் ஸ்னோய்மோ என்று ஒரு ஊர். ஆஸ்திரிய எல்லை பக்கத்திலேயே. அந்த நாட்டில் நடைபாதைகளுக்கு மரத்தில் மூன்று பட்டைக் குறி போட்டிருப்பார்கள். மேலும் கீழும் வெள்ளை, நடுவில் ஒரு நிறம். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வழி தவறாது. நாங்கள் சாப்பிட இடம் தேடி, பாதையை விட்டுக் கொஞ்சம் விலகி ஏறினோம். சரிவாக ஒரு மேடு. மேலெல்லாம் மண், சருகு, பாசி, முழங்கால் உயரத்துக்கு இரண்டு பைன் கன்று. “இங்கே உட்காரலாம், எறும்பு இல்லை” என்றாள் என் மனைவி. பாசிக்குள்ளிருந்து வேர் மாதிரி ஒன்று வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதில் பையை மாட்டினாள். பொட்டலத்தைப் பிரித்தோம்.

பாதிச் சாப்பாட்டில், காளான் கூடையோடு ஒரு பெரியவர் எதிர்ப்பக்கம் வந்து நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவர் சொன்னதை மகள் மொழிபெயர்த்தாள்: “நீங்கள் ரோபிக் கூரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களாம்.” இறங்கிச் சுற்றிப் போய்ப் பார்த்தால், நாங்கள் ஏறி வந்த மேட்டுக்குப் பின்பக்கம் முழுக்கக் கான்கிரீட் சுவர். கதவு இல்லாத வாசல். இரண்டு பக்கமும் துப்பாக்கிப் பொந்து. என் மனைவி பை மாட்டியது வேர் இல்லை, இரும்புக் கொக்கி.

சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன். சென்ட்ரிங் பலகையின் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. எண்பது வருடத்துக்கு மேலாகியும் ஒரு தேன்கூடு இல்லை (கலவை சரியாக இறங்காத இடத்தில் விழும் ஓட்டைகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), கம்பி வெளியே தெரியவில்லை. நான் கட்டிய சில கட்டடங்கள் நினைவுக்கு வந்தன. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

‘ரோபிக்’ என்றால் செக் மொழியில் பங்கரா? (தஞ்சாவூர் வாசகி)

இல்லை அம்மா, செல்லப்பெயர். இந்த அரண்களைக் கட்டுவதற்காகவே 1935இல் ராணுவத்தில் ஒரு இயக்ககம் தொடங்கினார்கள். அரண் பணிகள் இயக்ககம் என்று தமிழில் சொல்லலாம். செக் மொழியில் அதன் மூன்று முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்து, கடைசியில் செல்லமாக ஒரு ‘ஈக்’ போட்டால் அந்தப் பெயர் வரும். நம் ஊரில் ஒரு துறை கட்டிய சின்னப் பாலத்துக்கு அந்தத் துறையின் பெயரையே குழந்தைப் பெயராக வைத்த மாதிரி. உண்மையில் முதல் எழுத்து ‘ர’ இல்லை. ‘ர’வும் ‘ஷ’வும் ஒரே மூச்சில் உரசிக்கொண்டு வரும் ஒரு ஒலி. பத்து நாள் முயன்றேன், நாக்கு வளையவில்லை. பதிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘வாழைப்பழம்’ சொல்லச் சொன்னேன். சமமாகிவிட்டது.

யார் வருவார்கள் என்று பயந்து இதைக் கட்டினார்கள்? (திருச்சி வாசகர்)

ஹிட்லர். 1933இல் அவர் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்ததும் செக்கோஸ்லோவாகியாவுக்கு (செக்கும் ஸ்லோவாகியாவும் அப்போது ஒரே நாடு) வயிற்றில் புளி கரைந்தது. வரைபடத்தில் பார்த்தால் தெரியும், நாட்டின் மேற்குப் பாதி ஜெர்மனியின் வாய்க்குள் இருக்கிற மாதிரி இருக்கும். எல்லையோரத்தில் வாழ்ந்த மக்களில் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் ஜெர்மன் பேசுகிறவர்கள். அவர்களைக் காரணம் காட்டித்தான் ஹிட்லர் பேச்சை ஆரம்பித்தார். அப்போது செக்கோஸ்லோவாகியாவுக்கு நட்பு நாடு பிரான்ஸ். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் எல்லையில் மாஜினோ கோட்டை வரிசையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் பாடம் கேட்டு இவர்களும் தொடங்கினார்கள். நம் மேடு இருக்கும் தெற்கு எல்லையில் முதலில் அவ்வளவு அவசரம் இல்லை, அந்தப் பக்கம் ஆஸ்திரியாதான். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். ஒரே வாரத்தில் கொல்லைப்பக்கமும் தெருவாசல் ஆகிவிட்டது.

மூன்று வருடம் சொச்சத்தில் சின்ன பங்கர்கள் மட்டும் சுமார் 10,000 கட்டினார்கள். பெரியவை 260க்கு மேல். திட்டத்தில் இருந்ததோ இன்னும் எவ்வளவோ.

மறைப்பு என்றால் பச்சை பெயின்ட் அடிப்பதுதானே? உங்களை எப்படி அது ஏமாற்றியது? (கோவை, கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி அம்மா, இதைத்தான் நானும் அந்தப் பெரியவரிடம் கேட்டேன். பெயின்ட் உண்டு. பச்சை, பழுப்பு, காவி என்று திட்டுத்திட்டாக அடித்திருப்பார்கள். கூரை விளிம்பில் கொக்கிகளும் உண்டு, வலை கட்டி அதில் தழை செருகுவதற்கு. ஆனால் அதெல்லாம் மேல்பூச்சு. உண்மையான மறைப்பு அந்த பங்கர் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

சினிமாவில் பார்க்கிற பங்கரில் எதிரியைப் பார்த்து நேராக ஒரு பொந்து இருக்கும், அதிலிருந்து சடசடவென்று சுடுவார்கள். இதில் எதிரி வரும் பக்கம் பொந்தே கிடையாது. அந்தப் பக்கச் சுவர்தான் இருப்பதிலேயே கனம். அதற்கு முன்னால் கருங்கல்லைக் கொட்டி, கல்லின் மேல் மண்ணைக் கொட்டிப் புல் வளர்த்துவிடுவார்கள். குண்டு வந்து விழுந்தால் கல் குவியலிலேயே வெடித்துவிடும், சுவர் வரை வராது. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் மேடு. ஒரே கல் குவியல், இரண்டு வேலை.

பொந்துகள் இடமும் வலமும், கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். அப்படியானால் எதிரே வருகிறவனை யார் சுடுவது? பக்கத்து பங்கர். இவன் பொந்திலிருந்து போகும் குண்டு அடுத்தவன் வாசலைக் காக்கும், அடுத்தவன் பொந்திலிருந்து வருவது இவன் வாசலைக் காக்கும். வரிசை முழுக்க இப்படியே, கோலத்தில் கோடு கோட்டை வெட்டுகிற மாதிரி. எதிரிக்குத் தன் முன்னால் இருக்கும் மேட்டிலிருந்து ஒரு பொறிகூடத் தெரியாது. சுடுவது யார் என்று அவன் பக்கவாட்டில் திரும்புவதற்குள் கதை முடிந்துவிடும். அதாவது எந்த பங்கரும் தன் முன்வாசலைத் தானே காத்துக்கொள்ளாது. பக்கத்து வீட்டுக்காரன் இருப்பான் என்ற நம்பிக்கையில்தான் கட்டடமே நிற்கிறது. வரைபடத்தில் இதைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

நான் ஏமாந்தது ஏன் என்றால், நான் ஏறி வந்தது தெற்கிலிருந்து. எதிரி வரவேண்டிய பக்கம் அது. அந்தப் பக்கம் வருகிறவனுக்கு மேடாகத் தெரியத்தான் அதைக் கட்டியதே. காளான் பெரியவர் வடக்கிலிருந்து வந்தார். அவர் அந்த ஊர்க்காரர், அவருக்குக் கதவு தெரியும்.

உள்ளே என்ன இருந்தது? (கரூர் வாசகர்)

சின்னதில் ஒன்றுமில்லை. ஏழு பேர் நெருக்கியடித்து நிற்கலாம். வாசலுக்குக் கம்பிக் கதவு ஒன்று, இரும்புக் கதவு ஒன்று. கூரை வழியாக வெளியே பார்க்க ஒரு பெரிஸ்கோப் குழாய். வாசலில் எவனாவது வந்து நின்றால் கையெறிகுண்டை உருட்டிவிடச் சுவரில் சாய்வாக ஒரு குழாய். துப்பாக்கிப் புகை மூச்சை அடைக்கும், அதனால் கையால் சுற்றும் காற்றாடி. ஒருவன் சுட, ஒருவன் காற்றாடி சுற்ற வேண்டும். கழிப்பறை இல்லை. பெரிய அரண்களில் எல்லாம் உண்டு: படுக்கை, ஜெனரேட்டர், கிணறு, சுத்தமான காற்று இறைக்கும் இயந்திரம்.

பெரியதைப் பார்க்க ஆசைப்பட்டு அங்கிருந்து ஷாடோவ் கிராமத்துக்குப் போனோம். திராட்சைத் தோட்டத்து நடுவில் இருக்கிறது. பிர்னோ தொழில்நுட்ப அருங்காட்சியகம் பராமரிக்கிறது. ராணுவம் அதற்கு வைத்த ரகசியப் பெயர் ‘தோட்டம்’. மற்ற அரண்களுக்கும் இப்படித்தான் பெயர்கள்: ‘கழுகு’, ‘சாலைமரங்கள்’ என்று. பிராட்டிஸ்லாவா பக்கம் ஒன்றுக்கு ‘கல்லறைத் தோட்டம்’ என்றே பெயர், பக்கத்தில் முதல் உலகப்போர் வீரர்களின் கல்லறை இருப்பதால். உள்ளே உட்காரப்போகும் சிப்பாயிடம் அந்தப் பெயரைச் சொல்ல யாருக்கு மனசு வந்ததோ.

கட்டட வேலை செய்கிறவன் நான். அந்தக் காலத்தில் ரெடிமிக்ஸ் லாரி இல்லை. அவ்வளவு கனமான சுவருக்கு எப்படிக் கலவை போட்டார்கள்? (சேலம், கொத்தனார்)

மேஸ்திரி, உங்கள் கடிதத்தைத்தான் நான் எதிர்பார்த்துக் கொண்டிருந்தேன்.

பெரிய அரண்களுக்கு அவர்கள் வைத்த சட்டம் ஒன்றுதான்: ஆரம்பித்தால் நிறுத்தக்கூடாது. அடித்தளத்துக்கு மேலே சுவரும் கூரையும் ஒரே கட்டியாக வரவேண்டும், நடுவில் இணைப்பே இருக்கக்கூடாது. இணைப்பு விழுந்தால் குண்டு விழும்போது அங்கேதான் பிளக்கும். அதனால் முன்கூட்டியே ஜல்லி, மணல், சிமென்ட் எல்லாம் களத்தில் குவித்து, கம்பி கட்டி முடித்து, ஆளை முறைபோட்டு, விளக்கு கட்டி, இரவு பகலாக நாள்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மழை வந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. கலவையிலிருந்து கட்டி எடுத்து நசுக்கிப் பார்க்கும் சோதனையும் உண்டு, நாம் ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் க்யூப் உடைக்கிற மாதிரிதான்.

நம் அனுபவம் உங்களுக்கே தெரியும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மேல்நிலைத் தொட்டிக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தோம். மதியம் இரண்டு மணிக்கு ஒப்பந்தக்காரர் சிமென்ட் தீர்ந்துவிட்டது என்று கையை விரித்தார். மறுநாள் காலையில் மிச்சத்தைப் போட்டோம். அந்த இணைப்பில் பத்து வருடம் தண்ணீர் கசிந்தது. ஊர்க்காரர்கள் என் பெயரைச் சொல்லித்தான் அந்த ஈரத்தைக் காட்டுவார்கள்.

ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். அங்கே எந்தத் துப்பாக்கி வைத்திருந்தார்கள்? (வேலூர் மாவட்டம், ஓய்வுபெற்ற ஹவில்தார்)

உங்களுக்குத் தெரிந்த துப்பாக்கியின் அப்பா ஐயா. பிர்னோ ஆயுதத் தொழிற்சாலையின் ‘இசட்.பி. 26’ இலகு இயந்திரத் துப்பாக்கி. அதோடு 1937 மாதிரிக் கனரக இயந்திரத் துப்பாக்கி. முதலாவதைப் பார்த்துப் பிடித்துப்போய் ஆங்கிலேயர்கள் உரிமம் வாங்கித் தங்கள் தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றி என்ஃபீல்டில் செய்தார்கள். பிர்னோவின் ‘ப்ர்’, என்ஃபீல்டின் ‘என்’, சேர்த்து ‘ப்ரென்’. நம் ராணுவத்தில் ப்ரென் தூக்காத தலைமுறை எது? மகள் குடியிருக்கும் ஊரின் பெயர் அதில் ஒளிந்திருப்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும்.

இவ்வளவு கட்டியும் ஏன் சண்டை போடவில்லை? (நாகர்கோவில் வாசகி)

போடத் தயாராகத்தான் இருந்தார்கள். 1938 செப்டம்பர் 23 அன்று படை திரட்ட உத்தரவு வந்ததும் பத்து லட்சத்துக்கு மேல் ஆட்கள் திரண்டார்கள். இந்த மேடுகளுக்குள் எல்லாம் ஆள் போய் உட்கார்ந்தாயிற்று. காற்றாடி சுற்றுகிறவன் உட்பட.

ஒரு வாரம்தான். மியூனிக்கில் ஹிட்லர், முசோலினி, பிரிட்டனின் சேம்பர்லின், பிரான்ஸின் தலாதியே நான்கு பேரும் உட்கார்ந்து, எல்லைப் பகுதியை ஜெர்மனிக்குக் கொடுத்துவிடுவது என்று கையெழுத்துப் போட்டார்கள். செப்டம்பர் 29 தேதி போட்டது, கையெழுத்தானது 30ஆம் தேதி விடியுமுன். செக்கோஸ்லோவாகியாவை மேசைக்கே கூப்பிடவில்லை. அவர்களுடைய பிரதிநிதிகள் இருவர் ஹோட்டல் அறையில் காத்திருந்தார்கள், முடிவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்கள். ‘நம்மைப் பற்றி, நாம் இல்லாமல்’ என்று செக் மக்கள் இன்றும் அதைச் சொல்வார்கள்.

பக்கத்து பங்கர் சுடவில்லை. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் தொடங்கியதும் ஒரு குண்டுகூடச் சுடாமல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்தார்கள். அரண் இல்லாத மிச்ச நாட்டுக்குள் 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை வந்தது. சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பார்களா என்று அங்கே இன்னமும் வாதம் நடக்கிறது. காளான் பெரியவரிடம் கேட்டேன். கூடையைக் காட்டி, இந்த வருடம் மழை நல்ல மழை என்றார்.

ஜெர்மானியர்கள் அவற்றை என்ன செய்தார்கள்? (தூத்துக்குடி வாசகர்)

பிரித்து மேய்ந்தார்கள். பெரிய அரண்களின் கூரையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருந்த இரும்புக் கவிகைகளைப் பிடுங்கினார்கள். குண்டு வைத்து உடைத்துப் பார்த்தார்கள். 1940 மே மாதம் பெல்ஜியத்தின் எபென் எமாயெல் கோட்டையைப் பிடித்த ஜெர்மன் வீரர்கள் அதற்கு ஒத்திகை பார்த்தது செக் அரண்களில்தான். டாங்கிகளைத் தடுக்க எல்லையில் வைத்திருந்த, மூன்று இரும்புச் சட்டங்களைக் குறுக்கே பூட்டிய ‘முள்ளம்பன்றி’களை அள்ளிக்கொண்டு போய் நார்மண்டி கடற்கரையில் நட்டார்கள். 1944இல் நேச நாட்டுப் படகுகள் அவற்றுக்கு நடுவில்தான் கரை ஏறின. யாரைத் தடுக்கச் செய்ததோ அவர்களுக்கே காவல். வடக்கே ஆஸ்ட்ராவா பக்கத்துச் சில அரண்களில் 1945 ஏப்ரலில் நிஜமாகவே கடும் சண்டை நடந்தது. உள்ளே இருந்தது ஜெர்மானியர்கள், வெளியே சோவியத் படை.

எங்கள் நாட்டில் பங்கரே வீடு வேஷம் போட்டிருக்கும், தெரியுமா? (சூரிச்சிலிருந்து ஈழத்து வாசகர்)

தெரியும் தம்பி. நீங்கள் சொல்வது ஜெனீவா ஏரிக்கரையில் க்ளாண் ஊரில் இருக்கும் ‘வில்லா ரோஸ்’தானே? ரோஜா நிறத்தில் பணக்கார வீடு மாதிரி இருக்கும். ஜன்னலும் ஜன்னல் கதவும் சுவரில் வரைந்த ஓவியம். உள்ளே பீரங்கி. பக்கத்தில் வரிசையாக நிற்கும் முக்கோணக் கான்கிரீட் கட்டிகள் ஒவ்வொன்றும் ஒன்பது டன். சாக்லேட் ஞாபகத்தில் ‘டோப்லரோன் வரிசை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள் உங்கள் ஊர்க்காரர்கள். வேஷத்தில் சுவிஸ்காரர்களை மிஞ்ச முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு மேடுதான் பிடிக்கும். வரைந்த ஜன்னல் எத்தனை வருடமானாலும் திறக்காது. மேட்டில் புல் வருடா வருடம் முளைத்து வேஷத்தைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது.

இப்போது அவை யாருக்குச் சொந்தம்? விலைக்குக் கிடைக்குமா? (ஈரோடு வாசகர்)

ஈரோட்டிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன். கிடைக்கும். வேண்டாத பங்கர்களைச் செக் ராணுவம் தனியாருக்கு விற்றிருக்கிறது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆர்வலர்கள். சனி ஞாயிறில் வந்து குப்பையை அள்ளி, பழைய படம் பார்த்துப் பெயின்ட் அடித்து, கதவு செய்து மாட்டி, அந்தக் கால உடுப்பில் நின்று வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். சில இடங்களில் உருளைக்கிழங்கு போட்டு வைக்கிறார்கள், குளிர்காலத்தில் வௌவால் வந்து தங்குகிறது. வாடகைக்கு விடலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ஜன்னல் இல்லை ஐயா, யார் வருவார்கள்.

கொக்கியில் மாட்டிய பையைத் திரும்ப எடுத்தீர்களா? (மதுரை வாசகி)

இல்லை. பிர்னோ ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் மனைவிக்கு ஞாபகம் வந்தது. உள்ளே ஒரு எவர்சில்வர் டம்ளரும் பாதி ஊறுகாயும். பை நம் ஊர் ஜவுளிக்கடை மஞ்சப்பை. ஆஸ்திரியாவிலிருந்து பார்த்தாலே தெரியும்.